நாற்பத்து மூன்று குரல், நாற்பத்திரண்டு பேர்

தேயிலைத் தோட்டத்து வெளிக்காட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதல் நாளே உங்களுக்கு ஒரு குடை, ஒரு விசில், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொடுத்திருப்பார்கள். குடை ஒரு மாதத்தில் காணாமல் போகும். பூட்ஸில் அட்டை குடியேறும். விசில் மட்டும் கழுத்தோடு இருக்கும். என்னுடையதும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது, திருப்பிக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. எடுத்து ஊதிப் பார்க்க எனக்கும் தைரியம் வரவில்லை. ஏனென்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கவாத்து எப்படி, மருந்து எப்படி என்பதையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அதற்குப் புத்தகம் இருக்கிறது, படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் முப்பத்தோரு வருடம் ஆட்களைக் கணக்கெடுத்து வேலை வாங்கும் கிராணியாக இருந்து உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. அதையும் பிந்தித்தான் கற்றேன்.

முதலில் சிரிக்கிற கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலைப் பெரட்டு எடுக்கிற பொறுப்பு எனக்கு. விடிந்ததும் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவேன். அவர்கள் "இருக்கேன்" என்பார்கள். நான் டிக் போடுவேன். ஆறுமுகம் என்று ஒரு பெயர். பனி மூட்டத்துக்குள்ளிருந்து தினமும் கணீரென்று "இருக்கேன்!" என்று வரும். மூன்று வாரம் பார்த்தேன். மனம் நெகிழ்ந்து தலைமைக் கிராணியிடம் போய், "ஐயா, ஒரு நாள்கூட லீவு போடாத ஆளு இந்த ஆறுமுகம்தான், ஏதாவது பரிசு குடுக்கலாம்" என்று சிபாரிசு செய்தேன். அவருக்குத் தேத்தண்ணி புரையேறியது.

"டேய், ஆறுமுகம் சிங்கப்பூருக்குப் போயி இருபது நாளாச்சுடா!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெரட்டில் பெயர் விட்டுப்போனால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் பிள்ளையைத் தாடிக்கா பாலர் பள்ளியில் விட்டுவிட்டு ஓடி வருகிறவளுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிற நிரைக்காரி குரல் கொடுப்பாள். முதல் நாள் கொஞ்சம் அதிகமாகக் 'குளிர் விரட்டிய' அண்ணனுக்குத் தம்பி குரல் கொடுப்பான். எங்கள் மலையில் அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. அது ஒரு மரியாதை. இன்றைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு. வங்காளதேசத்துத் தம்பிகள் வந்தபோது முதல் வாரத்தில் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் "இருக்கேன்". இரண்டாவது வாரத்தில் அவர்களும் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்தார்கள். விரல் வைத்தால் பீப் என்கிற மெஷின்கூட வந்தது. அதற்கு ஈர விரல் ஆகாது. இந்த மலையில் காய்ந்த விரலுக்கு எங்கே போவது? ஒரே மாதத்தில் பழைய பெரட்டே திரும்பி வந்தது.

நானும் தெரியாததுபோல் இருந்துகொண்டேன். விருந்துகளில் ஆறுமுகம் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

இனி வருவதற்குக் கைதட்டல் கிடையாது.

ரிங்லெட்டுக்கு மேலே எங்கள் டிவிஷனில் மூன்று லயங்கள், அதாவது வரிசை வீடுகள், சரிவில் படிப்படியாக. நான் வேலைக்குச் சேர்ந்த இருபத்தெட்டாவது வருடம் மழைக்காலத்தில் கடைசி லயத்துக்குப் பின்னால் மலையில் கீறல் ஒன்று தெரிந்தது. வேறு வீடு தயாராகும் வரை, மழை வலுத்தால் ஆட்களை இறக்க ஒரு திட்டம் போடச் சொன்னார் தோட்டத்து மேனேஜரான துரை. ஏன் நான்? பத்துப் படி ஏறினால் பதினோராவது படியில் உட்காருகிற ஆள் நான். "உனக்குத்தான் குரல் பெருசு" என்றார். எனக்கு இருக்கிற ஒரே தகுதியை அவர் சரியாகவே கண்டுபிடித்திருந்தார்.

விளையாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் அந்த வேலையை நான் விளையாட்டாகச் செய்யவில்லை. நாலு மாதம் உழைத்தேன். தண்ணீர் ஓடும் கான்களைத் தூர் வாரினோம். படிகளுக்கு மஞ்சள் சாயம் அடித்தோம். எதிர்ப்பக்கம், மலை சரிந்தாலும் மண் எட்டாத இடத்தில் இருக்கிற பூப்பந்துத் திடல்தான் கூடும் இடம். நாற்பத்து மூன்று பேரின் பெயரையும் எழுதி, மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தேன். மூன்று விசில் ஊதினால் அடுப்பை அணை, கேஸை மூடு, கதவைச் சாத்து, இறங்கு. திடலில் பெயர் கூப்பிடுவேன். மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம். பச்சை மழைக்கோட்டுக்குள் வாழையிலையில் கட்டிய சோறு மாதிரி நான் நிற்பதைப் பார்த்து, "கிராணி, நாசி லெமாக் பொட்டலம் கணக்கா இருக்கீங்க லா" என்று பெண்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஆறு நிமிடத்தில் திடல் நிறைந்தது. துரையே வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

இரண்டாவது ஒத்திகையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. எல்லாரும் இறங்கிய பிறகு நான் வீடு வீடாகப் பார்த்தேன். கடைசி லயத்துக் கோடி வீட்டில் கேஸ் மூடாமல் இருந்தது. அது சரோஜா அக்கா வீடு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், இருபத்தைந்து வருடமாகக் கொழுந்து எடுத்தவர். வாயைத் திறந்தால் அவருக்கும் எனக்கும் பொருத்தமான சண்டை. எனக்கு மேடை கிடைத்துவிட்டது. திடலில் எல்லார் முன்னாலும் சொன்னேன்:

"நம்ம மலை மழையில விழாது. சரோஜாக்கா வீட்டு கேஸ்லதான் வெடிச்சு விழும். அப்புறம் தாப்பா டவுன்ல இருந்து பார்த்தா நம்ம லயம் ராக்கெட்டு மாதிரி மேல போகும்!"

திடலே சிரித்தது. அக்காவும் சிரித்துக்கொண்டே, "அடுத்த தடவ பாரு கிராணி, நீ வந்து மோந்து பார்த்தாலும் கேஸ் வாசம் வராது" என்றார். பக்கத்தில் நின்ற பாக்கியம் அக்கா அவர் முதுகில் தட்டினார். இருவரும் அடுத்தடுத்த நிரைக்காரிகள். ஒருத்தி குடைக்குள் இன்னொருத்தி இருப்பாள். பெரட்டில் ஒருத்தி பெயருக்கு இன்னொருத்தி பதில் சொல்வாள்.

மூன்றாவது ஒத்திகையில் அவர் வீட்டுக் கேஸ் கச்சிதமாக மூடியிருந்தது. கேலி வேலை செய்கிறது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அந்த நாள் வந்தது. இரண்டு நாளாக விடாத மழை. பிற்பகலில் கோழி தீனிக்கு வராமல் கூண்டின் மூலையில் ஒடுங்கி நின்றது. கான் தண்ணீர் தேத்தண்ணி நிறத்திலிருந்து செம்மண்ணாக மாறியது. வேலையை நிறுத்தி எல்லாரையும் லயத்துக்கு அனுப்பியிருந்தேன். கீறலைப் பார்க்கப் போனவன் ஓடி வந்து, "கை உள்ள போவுது கிராணி" என்றான். காலையில் அதில் விரல்தான் நுழைந்தது. நான் யோசிக்கவில்லை. மூன்று விசில் ஊதினேன். துரைக்கும், தீயணைப்புக்காரர்களான பொம்பாவுக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

இதுவரைக்கும் என்னை நீங்கள் மெச்சிக்கொள்ளலாம். நானும் அப்போது என்னை மெச்சிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒத்திகை போலவே இறங்கினார்கள். யாரும் ஓடவில்லை, யாரும் தடுக்கி விழவில்லை. திடலில் குடை மேல் குடையாக நின்றார்கள். முகம் தெரியவில்லை. குடையும் பிளாஸ்டிக்கும் மழையும்தான் தெரிந்தன. நான் பெயர் கூப்பிட்டேன். மழைச் சத்தத்துக்கு மேலே ஒவ்வொரு குரலாக வந்தது. "சரோஜா!" "இருக்கேன்!" டிக். நாற்பத்து மூன்று பெயர், நாற்பத்து மூன்று குரல்.

ரிங்லெட் பக்கமிருந்து ஏறி வந்துகொண்டிருந்த பொம்பா வண்டியிலிருந்து போனில் கேட்டார்கள்: "யாராவது உள்ளே இருக்கிறார்களா?" நான் சொன்னேன்: "எல்லாரும் வெளியே. நாற்பத்து மூன்று." அப்படியானால் பிரிஞ்சாங் பாதையில் ஒரு வேன் மேல் மரம் விழுந்திருக்கிறது, அங்கே போகிறோம் என்றார்கள். சரியான முடிவு. நான் சொன்னதை நம்பி எடுத்த சரியான முடிவு.

அடுத்த சில நிமிடங்களில் மலை இறங்கியது. இடி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. லோரியிலிருந்து மண் கொட்டுகிற சத்தம்தான், ஆனால் நிற்கவே இல்லை. நின்றபோது கடைசி லயத்தின் நாலு வீடுகள் இல்லை.

பெண்கள் அலறினார்கள். பிறகு யாரோ, "ஆளுங்க எல்லாம் இங்கதான லா இருக்கோம்" என்று சொல்ல, அழுகை மெல்லச் சிரிப்பாக மாறியது. கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? பட்டியலைத் தூக்கிக் காட்டி, "மலை கணக்குல பெயிலு! நம்ம கணக்குல பாஸு!" என்று கத்தினேன்.

கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குள் ஒரு போன் மணி அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. பாக்கியம் அக்காவின் காலடியில் இருந்த ஒரு பையிலிருந்து வந்தது. "யாரு போனு? எடுங்க லா" என்றேன். ஒருத்தி குனிந்து எடுத்துப் பார்த்து, "குணா கூப்பிடுறான்" என்றாள். குணா கொழுந்து லோரி ஓட்டுகிறவன், ரிங்லெட்டில் குடியிருப்பவன், சரோஜா அக்காவின் ஒரே மகன். நான் இன்னும் சிரிப்பு முகத்தோடுதான், "சரோஜாக்கா, மகன் கூப்பிடுறான், பேசுங்க" என்றேன்.

குடைகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. பாக்கியம் அக்கா மட்டும் யாரையும் பார்க்கவில்லை. மண்ணையே பார்த்தார்.

"பாதிப் படியில கேஸு ஞாபகம் வந்துச்சு அவளுக்கு, கிராணி. பையப் புடிச்சுக்க, கிராணி பேரு கூப்ட்டா சொல்லிரு, மூடிட்டு ஓடியாந்திர்றேன்னு சொன்னா. நான் சொல்லிட்டேன். வந்து பின்னால நிக்கிறாள்னுதான் நெனச்சேன்..."

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்று கவனித்துக்கொள்ளுங்கள். நான் பட்டியலைப் பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே டிக் இருந்தது. என் கையால் போட்டது. அரை நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கேயாவது ஓரமாக நிற்பார், கொய்யா மரத்துப் பக்கம் இருப்பார், இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். உண்மையில் நான் அவரைத் தேடவில்லை. 'நான் சொன்னது தப்பு' என்று பொம்பாவிடம் சொல்லாமலிருக்க ஒரு வழியைத்தான் தேடினேன். முப்பத்தோரு வருடத்தில் என் பெருந்தவறு எது என்று கேட்டால் டிக்கைச் சொல்லமாட்டேன். அந்த அரை நிமிடத்தைச் சொல்வேன்.

பிறகு போன் போட்டேன். "என் கணக்கு தப்பு. ஒருத்தர் உள்ளே இருக்கிறார்." வேனுக்குள் இரண்டு பேர் உயிரோடு சிக்கியிருக்கிறார்கள், அவர்களை எடுக்காமல் வரமுடியாது, இன்னொரு குழுவைக் கீழேயிருந்து அனுப்புகிறோம் என்றார்கள். கீழேயிருந்து ஏற எவ்வளவு நேரமாகும் என்று இந்தப் பாதையில் வாந்தி எடுத்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

மலை இறங்கிய செய்தி கேட்டு குணா லோரியை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தான். நடந்ததை நானே சொன்னேன். அவன் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பியபோது, அவன் பின்னால் பத்து ஆண்கள் திரும்பினார்கள்.

நான் படியில் குறுக்கே நின்றேன்.

"குணா, போவாத. மேல தண்ணி இன்னும் பீச்சுது. மறுபடி எறங்கும்."

"தள்ளு கிராணி!"

"நீ போனா இவங்க அத்தன பேரும் வருவாங்கடா. அப்புறம் நான் யார் பேரக் கூப்பிடுறது?"

"எங்கம்மா பேரக் கூப்ட்டியே, ஒழுங்காவா கூப்ட்ட?"

மார்பில் ஒரு தள்ளு. கானுக்குள் மல்லாக்க விழுந்தேன். பச்சை மழைக்கோட்டு முகத்தை மூடிக்கொண்டது. வேறு நாளாக இருந்தால் ஒரு வருடத்துக்குப் போதுமான சிரிப்பு. யாரும் சிரிக்கவில்லை. எழுந்து மறுபடியும் படியில்தான் நின்றேன். வங்காளதேசத்துத் தம்பிகள் இருவர் குணாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இடிபட்ட வீட்டுப் பக்கம் பார்த்து எல்லாரும் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினோம். நிறுத்திவிட்டுக் கேட்டோம். மறுபடி கத்தினோம். அந்தப் பெயருக்கு அப்போது யாரும் குரல் கொடுக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது பொம்பா வர. அவர்கள் மேலே ஆள் நிறுத்திப் பார்த்து, கயிறு கட்டி, முறையாகத் தோண்டினார்கள். வெளிச்சம் போவதற்குள் எடுத்துவிட்டார்கள். உயிர் இல்லை. அடுப்படியில் இருந்தார். தோண்டியவர்களில் ஒருவர் முதலில் கேஸ் உருளையைத் தூக்கி வந்து எங்கள் பக்கம் வைத்து, பயமில்லை, இது மூடித்தான் இருக்கிறது என்று மலாயில் சொன்னார்.

வாசம் வராது என்றாரே. வரவில்லை.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கும். எனக்கும் இருக்கிறது. மறுபடி இறங்கும் என்று சொல்லி ஆட்களைத் தடுத்தேன். மலை மறுபடி இறங்கவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை, இன்று வரை ஒரு கூடை மண்கூட விழவில்லை. அப்போதே போயிருந்தால் உயிரோடு எடுத்திருக்கலாமா? பொம்பாவில் யாரும் அதைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அதே நிலைமை வந்தால் அதே படியில் அதே மாதிரி நிற்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சரியாகச் செய்தோம் என்ற நிம்மதி அதோடு சேர்ந்து வரும் என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். குணாவை ரிங்லெட் மாமாக் சாப்பாட்டுக் கடையில் இப்போதும் பார்க்கிறேன். என் மேசைக்கு வரமாட்டான். என்னைப் பார்த்து எழுந்தும் போகமாட்டான். அவ்வளவுதான்.

விசாரணை நடந்தது. துரையும் இரண்டு அதிகாரிகளும் உட்கார்ந்து கேட்டார்கள்: "அவர் பெயருக்குப் பதில் சொன்னது யார்?" வெளியே பெஞ்சில் பாக்கியம் அக்கா உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். நான் சொன்னேன்: "யாரும் சொல்லல. மழைச் சத்தத்துல நான்தான் தப்பா டிக் போட்டுட்டேன்."

'கிராணியின் கவனக்குறைவு' என்று எழுதி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பெருந்தன்மையோடு வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நாள் நான் ஒரு தியாகி என்றுகூட நினைத்துக்கொண்டேன். எங்கள் டிவிஷனில் முறையை மட்டும் மாற்றினேன். பெயர் கூப்பிடுவதில்லை. ஒவ்வொருவராகக் குடையை மடக்கி முன்னால் வரவேண்டும், நான் முகத்தைப் பார்க்கவேண்டும், அவர்கள் கை என் பட்டியல் மேல் படவேண்டும். காரணத்தை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம், வேறொரு டிவிஷனில் ஒத்திகை பார்க்க விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். உங்கள் வயதுப் பிள்ளை ஒருத்தி பட்டியல் வைத்துப் பெயர் கூப்பிட்டாள். அழகான பிளாஸ்டிக் உறை. ஒரு பெயருக்குக் கொஞ்சம் தாமதம். பிறகு கூட்டத்திலிருந்து ஒரு குரல், "இருக்கேன்!" பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையும் தெரிந்தே சிரித்துக்கொண்டு டிக் போட்டது. நான் ஆறுமுகத்துக்குச் சிரித்த அதே சிரிப்பு.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. விசாரணையில் நான் சொன்ன பொய் ஒரு பெண்ணைக் காப்பாற்றியது. கூடவே காரணத்தையும் மண்ணுக்குள் மூடிவிட்டது. ஒரு கிழட்டுக் கிராணியின் கவனக்குறைவிலிருந்து யார் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

மழையைப் பற்றி, மண்ணைப் பற்றி, கான் பற்றி, படி பற்றி எல்லாம் யோசித்தேன். நான் யோசிக்காதது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இருபத்தெட்டு வருடமாகத் தெரிந்த விஷயம். அது எனக்கு ஒரு வேடிக்கைக் கதையாக இருந்ததால் திட்டத்துக்குள் வரவில்லை. நீங்கள் திட்டம் போட்டு முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஆட்கள் எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று பாருங்கள். ஓட்டை அங்கேதான் இருக்கும். திட்டம் உடைந்துபோனால், உடைந்தது என்று முதல் மூச்சிலேயே சத்தமாகச் சொல்லுங்கள். அரை நிமிடம் பட்டியலைப் பார்க்காதீர்கள்.

இதை எழுதவேண்டுமானால் பாக்கியம் அக்காவிடம் கேட்காமல் முடியாது. போனேன். மகள் வீட்டில் இருக்கிறார், திரிங்காப்பில். பூந்தோட்டத்தில் செவ்வந்தி கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கை நிற்கவில்லை.

"அன்னைக்கு ஆபீஸ்ல என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும் கிராணி. நான் அவளுக்குக் கொரலு குடுத்தேன். நீங்க எனக்குக் கொரலு குடுத்தீங்க. போதும்லா. எழுதுங்க."

"உங்க பேர மாத்திப் போடட்டுமாக்கா?"

"எதுக்கு? கூப்ட்டா நானே சொல்லிக்கிறேன், இருக்கேன்னு."

எழுதி முடித்ததும் மறுபடி போய் முழுவதையும் படித்துக் காட்டினேன். நாசி லெமாக் இடத்தில் லேசாகச் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. கடைசி வரை கேட்டுவிட்டு, கட்டிய பூவை வாளித் தண்ணீரில் வைத்தார்.

"கேஸு மூடியிருந்துச்சுன்னு எழுதுனீங்களா?"

"எழுதியிருக்கேன்க்கா."

"அப்ப சரி" என்றார்.